நாலு சுவருக்குள் அடித்ததை எப்படி விசாரிப்பார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: திருட்டு கேஸ் என்று சொல்லி உங்கள் தம்பியைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்து அடித்திருக்கிறார்கள். இப்போது சிறையில் இருக்கிறார். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பினால் எப்படி விசாரிப்பார்கள், போலீஸ் மேலான புகாரைப் போலீஸே விசாரிக்கும் என்கிறார்களே, அதில் பயன் உண்டா என்கிறீர்கள். நடைமுறையைக் கேட்பது போல எழுதியிருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். நடந்தது ஸ்டேஷனுக்குள். பார்த்தவர்கள் எல்லாரும் காக்கிச்சட்டை. தம்பியின் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு ஸ்டேஷனே நின்று சாட்சி சொல்லும். அப்புறம் யார் நம்புவார்கள்?

நான் தென்மாவட்டங்களில் வேலை செய்யும் வழக்கறிஞன். பதினெட்டு வருடமாக இந்த மாதிரிப் புகார்களை எழுதிக் கொடுக்கிறேன், ஆணையத்தின் முன் சாட்சிகளை விசாரித்திருக்கிறேன், உண்மை அறியும் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். மருத்துவன் அல்ல. காயங்களைப் பற்றிக் கீழே எழுதுவது தடயவியல் மருத்துவர்களிடம் கேட்டும், அவர்களைக் கூண்டில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்தும் கற்றுக்கொண்டது. உங்கள் தம்பியின் காகிதங்களை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருட்டு கேஸில் அடி விழுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவிலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-வது பிரிவிலும் அப்படித்தான். ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். ஸ்டேஷன் பாஷையில் இதற்கு 'ரெக்கவரி' என்று பெயர். நகை எங்கே என்று தெரியும்வரை கைது என்று எழுத மாட்டார்கள். எழுதினால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதனால் ஆளைத் தூக்கிய நேரத்துக்கும் கைது என்று எழுதிய நேரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. அடி பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் நடக்கிறது.

ஆகவே நல்ல விசாரணை அதிகாரி முதலில் தேடுவது அடித்ததைப் பார்த்த சாட்சியை அல்ல. அந்தப் பள்ளம் எத்தனை மணி நேரம் என்று அளக்கப் பார்ப்பார். ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். கைதுக் குறிப்பில் வெள்ளிக்கிழமை காலை 6 மணி, பேருந்து நிலையம் அருகில் சந்தேகப்படும்படி நின்றவரைப் பிடித்தோம் என்று இருந்தது. குடும்பம் புதன்கிழமை இரவே வீட்டிலிருந்து தூக்கிப்போனதாகச் சொன்னது. அக்கம்பக்கத்தில் யாரும் சாட்சிக்கு வரவில்லை. பையனின் தாய்மாமனோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். வியாழக்கிழமை ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) கூப்பிட்டு, "ரெண்டு பண்டல் ஏ4 பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்றாராம். ஸ்டேஷன் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இவர் எதிர்க்கடையில் ஜிபேயில் பணம் கட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். போனைத் திறந்து பார்த்தால் வியாழன் மாலை, கடையின் பெயரோடு, நிமிடத்தோடு பதிவாகியிருக்கிறது. ஆய்வாளரிடம் குறுக்கு விசாரணையில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: வெள்ளிக்கிழமை காலைவரை இந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், வியாழக்கிழமை இவர் எதற்கு உங்கள் ஸ்டேஷனுக்குப் பேப்பர் வாங்கிக் கொடுத்தார்? ஞாபகமில்லை என்றார். அடித்ததை யாரும் பார்க்கவில்லை என்பது கடைசிவரை அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒன்றரை நாளை மறைத்தார்கள் என்பது வெளியே வந்துவிட்டது. அந்த ஒன்றரை நாளில் வந்த காயத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள் பாடாகிவிட்டது.

இந்த நேரக்கணக்குக்கு உதவும் காகிதங்களில் பாதி போலீஸே எழுதுவது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கொடுத்த பதினோரு கட்டளைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டேஷன் சுவரில் போர்டாகத் தொங்குவது அதுதான். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் போட்டு, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவர் கேட்டால் உடம்பில் இருக்கும் சின்னக் காயம்வரை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். நடைமுறையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடிப் போனால், எந்த வழக்குக்கும் கையெழுத்துப் போடும் அதே ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரராக இருப்பார். அது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது ஸ்டேஷனின் அன்றாட நடப்பை எழுதும் பொது நாட்குறிப்பு, பாரா (காவல் முறை) மாறிய பதிவு, ஜீப்பின் லாக் புக். லாக் புக்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. டீசல் கணக்குக்காக எழுதுவதால் அதில் ஓட்டுநர் உண்மையான கிலோமீட்டரை எழுதிவிடுவார். பேருந்து நிலையத்தில் பிடித்ததாகச் சொல்லும் நாளில் ஜீப் நாற்பது கிலோமீட்டர் ஓடியிருந்தால், எங்கே போனது என்று கேட்கலாம்.

சிசிடிவி பற்றி எல்லாரும் கேட்பார்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தபோது, வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். அந்த வழக்கை நகர்த்தியது கேமரா அல்ல, அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்ன வாக்குமூலமும், கிளைச்சிறையில் சேர்க்கும்போது எழுதிய காயக் குறிப்பும். அப்புறம் இன்னொன்று. தனிப்படை தூக்கிப்போனால் ஸ்டேஷனுக்கே கொண்டுபோக மாட்டார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோவில் காவலாளி ஒருவர் இறந்ததும் அப்படித்தான். அங்கே சாட்சியானது, கோவில் பக்கத்திலிருந்து யாரோ போனில் ஒளிந்து எடுத்த சில நொடிக் காட்சி. உங்கள் தம்பியை ஸ்டேஷனில்தான் வைத்திருந்தார்களா, வேறு எங்காவதா என்பதை அவரிடமே நிதானமாகக் கேளுங்கள். தோப்பு, பழைய குவார்ட்டர்ஸ், லாட்ஜ் என்று எதுவாகவும் இருக்கலாம். வழியில் என்ன சத்தம் கேட்டது, ரயில்வே கேட் வந்ததா, சாப்பாடு எந்தக் கடைப் பொட்டலத்தில் வந்தது என்று கேளுங்கள். அவை எல்லாம் இடத்தைச் சொல்லும்.

காயத்துக்கு வருகிறேன். மக்கள் அதிகம் நம்புவதும், ஏமாறுவதும் இங்கேதான். கைதானவரைக் கைது செய்ததும் அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், காயங்களையும் அவை வந்திருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும், அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ கொடுக்க வேண்டும். இப்போது அது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 53-வது பிரிவு. நடப்பது என்ன? ராத்திரி பத்து மணிக்கு அவசரப் பிரிவில், இரண்டு காவலர்கள் பக்கத்தில் நிற்க, டியூட்டி டாக்டர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் 'ரிமாண்டுக்குத் தகுதியானவர்', அதாவது சிறைக்காவலுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிடுவார். எல்லா டாக்டரும் அப்படி இல்லை. ஒருவர் ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், காரணம் என்ற இடத்தில் காவலர் சொன்னபடி 'கழிவறையில் வழுக்கி விழுந்தது' என்று எழுதிவிட்டு, கீழே காயத்தை மட்டும் தான் பார்த்தபடி எழுதியிருந்தார்: இரண்டு தொடைகளின் பின்பக்கமும், ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாக, நடுவில் வெளுத்த கன்றல்கள். தடியால் அடித்தால் தோல் தண்டவாளம் போல இரண்டு கோடாகக் கன்றும், நடுவே வெளுத்திருக்கும். வழுக்கி விழுந்தவனுக்கு இரண்டு தொடையிலும் அப்படி வராது. சண்டை போடாமல் ஒரு டாக்டர் செய்யக்கூடியதை அவர் செய்துவிட்டுப் போயிருந்தார்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது காயத்தின் வடிவமும் இடமும். சந்தேகத்துக்குரியது காயத்தின் வயது. கன்றல் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறுவதை வைத்து 'இது இரண்டு நாள் பழையது' என்று அடித்துச் சொல்வது பழைய பாடப்புத்தக வழக்கம். நிறத்தை வைத்து மணிக்கணக்கு சொல்ல முடியாது என்பதுதான் இன்றைய நிலை. மஞ்சள் தெரிந்தால் அநேகமாக 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பதைத் தாண்டி நான் எதையும் நம்ப மாட்டேன். கறுத்த தோலில் அதுவும் சரியாகத் தெரியாது. ஆழமான கன்றல் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மேலே வரும் என்பதால், முதல் பரிசோதனையில் காயமில்லை என்று எழுதியிருப்பது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதனால்தான் மறுபரிசோதனை கேட்க வேண்டும். உள்ளங்காலில் அடித்தால் வெளியே அடையாளம் குறைவாகவே இருக்கும், நடக்கும்போதுதான் தெரியும். தசை நசுங்கும் அளவுக்கு அடித்திருந்தால் சிறுநீர் டீத்தூள் தண்ணீர் நிறத்தில் போகும், சிறுநீரகம் பழுதாகலாம். அது சாட்சியம் என்பதைவிட உயிர்ப் பிரச்சினை. தம்பிக்கு அப்படி இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சிறை மருத்துவரிடம் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று உண்டு. 1999-இல் எழுதி, 2022-இல் திருத்தினார்கள். சித்திரவதைப் புகாரை மருத்துவர் எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, காயத்தையும் சொல்லப்படும் கதையையும் ஒப்பிட ஐந்து படிகள் வைத்திருப்பது: பொருந்தவில்லை, பொருந்துகிறது ஆனால் வேறு காரணமும் இருக்கலாம், மிகவும் பொருந்துகிறது, இப்படி அடித்தால் வழக்கமாக வருவது இதுதான், வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. காயம் இல்லை என்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர் டாக்டரிடம் 'போலீஸ் அடித்ததா' என்று கேட்டால் 'தெரியாது' என்பார், அது சரியான பதிலும்தான். 'இந்தக் காயம் இப்படி அடித்தால் வருமா, வழுக்கி விழுந்தால் வருமா, எது அதிகம் பொருந்தும்' என்று கேட்டால் பதில் சொல்வார். கேள்வியை மாற்றிக் கேட்கத் தெரிய வேண்டும்.

சரி, ஆணையத்தில் என்ன நடக்கும்? புகாருக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்; 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு அதற்குப் பிறகு விசாரிக்க விடாது. தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒன்று விசாரிப்பதால் மற்றொன்று முடித்துவைக்கும் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். புகார் போனதும் வழக்கமாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ அறிக்கை கேட்பார்கள். அவர் டி.எஸ்.பி.க்கு அனுப்புவார், டி.எஸ்.பி. அதே ஆய்வாளரிடம் எழுதி வாங்குவார். 'மனுதாரர் பழைய குற்றவாளி, வழக்கிலிருந்து தப்பிக்கப் பொய்ப் புகார் கொடுத்துள்ளார்' என்று அறிக்கை வரும். வரி மாறாமல் இதே அறிக்கையை நான் எத்தனையோ ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். அந்த நகலை உங்களுக்கு அனுப்பி, உங்கள் மறுப்பு என்ன என்று கேட்பார்கள். பாதிப் புகார்கள் சாவது இங்கேதான். 'போலீஸ் இப்படித்தான் எழுதும், இனி என்ன பயன்' என்று குடும்பம் கடிதத்தை மடித்து வைத்துவிடும். மறுப்பு வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். நீங்கள் சேர்த்துவைத்த நேரக்கணக்கை எழுத வேண்டிய இடம் இந்த மறுப்புரைதான்.

போலீஸை போலீஸே விசாரிக்கும் என்பது பாதி உண்மை. ஆணையத்துக்கு என்று தனிப் புலனாய்வுப் பிரிவு உண்டு, ஆனால் அதில் இருப்பவர்களும் காவல்துறையிலிருந்து வந்தவர்கள்தான். நாளைக்கு அதே துறைக்குத் திரும்பிப் போகிறவர்கள். உலக நாடுகளின் மனித உரிமை ஆணையங்களைத் தரம் பார்க்கும் அமைப்பு 2023-லும் 2024-லும் நம் தேசிய ஆணையத்தின் அங்கீகாரத்தைத் தள்ளிவைத்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. நான் பார்த்தவரை நேர்மையாக எழுதியவர்களும் உண்டு, ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு வந்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் விசாரணை அதோடு முடிவதில்லை. ஆணையத்துக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. சம்மன் அனுப்பலாம், ஆவணங்களை வரவழைக்கலாம், சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம். குற்ற வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். காவலில் ஏற்பட்ட காயத்துக்குப் போலீஸ்தான் காரணம் என்று அனுமானிக்கலாம் என சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி 1985-லேயே சட்ட ஆணையம் தன் 113-வது அறிக்கையில் எழுதியது. இன்றுவரை சேர்க்கவில்லை. அதனால்தான் குற்ற வழக்கில் தப்பிக்கிறவர்கள் ஆணையத்தில் மாட்டுகிறார்கள்.

பொய்ப் புகார்களும் வருகின்றன, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் உண்மையான புகாரைக் கெடுப்பது அதிகம் நம் பக்கத்து மிகைதான். ஒரு மனுவில், எழுதிக் கொடுத்தவர் வேகத்தில் ஸ்டேஷனில் இருந்த எல்லார் பெயரையும் 'இவர்களும் அடித்தார்கள்' என்று சேர்த்துவிட்டார். அதில் ஒரு எஸ்.ஐ. அன்று மருத்துவ விடுப்பில் இருந்தார். அவர் விடுப்புச் சீட்டைக் காட்டியதும் உண்மையாக அடித்த இருவரும் அதே ஓட்டையில் வெளியே போய்விட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்: குட்டையானவர், மீசை இல்லாதவர், மற்றவர்கள் 'ஏட்டையா' என்று கூப்பிட்டார்கள். அது போதும், பணிப்பட்டியலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு இடைஞ்சல், ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட் 'போலீஸ் அடித்தார்களா' என்று கேட்டதற்கு உங்கள் தம்பி 'இல்லை' என்று சொல்லியிருக்கக்கூடும். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதே ஜீப்பில்தானே திரும்பப் போக வேண்டும். அந்தப் பதில் உங்களுக்கு எதிராகக் கண்டிப்பாக எடுத்துவைக்கப்படும். அதை மறைக்காமல், ஏன் அப்படிச் சொன்னார் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். சிறைக்குள் சேர்க்கும்போது செய்யும் மருத்துவப் பரிசோதனை இங்கே பெரிய துணை. சிறை அதிகாரிகளுக்குப் போலீஸ் மேல் தனிப் பகை எதுவும் இல்லை, ஆனால் உள்ளே வந்தபின் ஏதாவது ஆனால் பழி தங்கள் தலையில் விழும் என்ற பயம் உண்டு. அதனால் வரும்போதே இருந்த காயத்தைப் பெரும்பாலும் எழுதிவைப்பார்கள்.

கடைசியில் என்ன கிடைக்கும் என்பதிலும் ஆசை காட்ட விரும்பவில்லை. ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. இழப்பீடு கொடுக்கவும், துறை நடவடிக்கை எடுக்கவும், வழக்குத் தொடரவும் அரசுக்குப் பரிந்துரைக்கும். பரிந்துரை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரசு ஒதுக்கிவிட முடியாது, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் பரிந்துரைக்கு ஆளான அதிகாரி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கி வருடக்கணக்கில் இழுக்கலாம், இழுக்கிறார்கள். தண்டனைதான் வேண்டும் என்றால் தனியாகக் குற்ற வழக்கு வேண்டும். வாக்குமூலம் வாங்க அடித்துக் காயப்படுத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 120-வது பிரிவு, ஏழு வருடம்வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்கலாம், ஆனால் புதிய நடைமுறைச் சட்டத்தில் அரசு ஊழியர் மேல் தனிப்புகார் என்றால் அவருடைய விளக்கத்தையும் மேலதிகாரியின் அறிக்கையையும் வாங்கிய பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள். நேரம் பிடிக்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வாரம் மூன்று வேலை செய்வேன். முதலில் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, தேதியும் மணியும் குறிப்பிட்டு, கண்காணிப்பாளருக்கும் ஆணையத்துக்கும், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் கடிதம். மாஜிஸ்திரேட் முன் வழக்கறிஞர் மூலம் அதே கோரிக்கையோடு ஒரு மனு, கூடவே மறுமருத்துவப் பரிசோதனைக்கும். இரண்டாவது, சிறை மருத்துவப் பதிவின் நகல் கேட்டு விண்ணப்பம். வழக்கறிஞர் வைக்க முடியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வருவார்கள். மூன்றாவது, அந்த இரண்டு நாளில் வீட்டில் யார் யார் யாருக்குப் போன் செய்தீர்கள், யார் ஸ்டேஷனுக்குப் போனீர்கள், எங்கே என்ன வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் நேர வரிசையில் எழுதுவது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதாதீர்கள், ஒப்பித்தது போல ஆகிவிடும். தனித்தனியாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, போன் பதிவுகளை அப்படியே எடுத்துவையுங்கள். உங்கள் அம்மா இட்லி வாங்கிக் கொண்டுபோனதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் கடை, எத்தனை மணி, பணம் எப்படிக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள்.